தோள் கேட்ட அம்மன்

“இந்த வருஷம் அம்மனத் தூக்க வீரய்யாண்ணே ஆளுங்க வேணாம் தலைவரே. என்னோட ஜிம் பசங்க தூக்கட்டும்.”

மஹய்யாவ ஊர் அம்மன் கோயில் கூட்டத்தில் ஜிம் மாஸ்டர் கஜேந்திரன் இப்படிப் போட்டு உடைத்ததும், தலைவர் தனபாலன் தலையைச் சொறிந்தார். மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்த வீரய்யாவைச் சங்கடத்தோடு பார்த்தார்.

வீரய்யா சில்லறைக் கடைக்காரர். ஊதினால் பறக்கும் உடம்பு. அவரும், அவரைப் போலவே மெலிந்த ஒரு தையல்காரரும், கந்தோர் கிளார்க்கும், இன்னும் சிலரும்தான் வருஷா வருஷம் அம்மனைத் தோளில் சுமந்து ஊர்வலம் போவார்கள்.

“அவங்க பழகினவங்க, தம்பி...”

“பழக்கமா முக்கியம்? விஞ்ஞானம் தலைவரே! நம்ம தசைக்குள்ள சின்ன நார், பெரிய நார்னு இருக்கு. லேசான வேலைக்குச் சின்னது மட்டும்தான் எழும்பும். பாரம் ஏற ஏறத்தான் பெருசு முழிக்கும். வீரய்யாண்ணே தூக்குறது கால் கிலோ சீனி. அவரோட பெரிய நாரெல்லாம் பொறந்ததுல இருந்தே தூங்குது!”

கூட்டம் சிரித்தது. வீரய்யாவும் சிரித்துவைத்தார்.

“தோள் மாத்த மட்டும் ஆள் வச்சுக்கங்க மாஸ்டர். வாசலுக்கு வாசல் நிக்கணும்.”

“அதெல்லாம் ஒங்களுக்குத்தாண்ணே தேவை!”

திருவிழாவும் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, எண்ணெய் மின்னும் வெற்று மார்போடு எட்டுப் பேர் நின்றார்கள். பல்லக்கின் முன் கொம்பில் கஜேந்திரன். ஒரே தூக்கு. அம்மன் பஞ்சு மூட்டையாக எழும்பினாள். ஊரே கைத்தட்டியது. பேஸ்புக் நேரலையில் ‘லைக்’ மழை.

ஆனால் அம்மனுக்கு என்ன அவசரம்? வாசலுக்கு வாசல் நிறைகுடம், அர்ச்சனைத் தட்டு. ஐயர் மந்திரத்தை ஆற அமரச் சொன்னார். அத்தனை நேரமும் பாரம் தோளில்தான். கோயிலுக்குத் திரும்பும்வரை அம்மனைத் தரையில் வைத்தால் ஊருக்கே ஆகாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

வீதியில் ஏற்றம் தொடங்கிய இடத்தில்தான் கஜேந்திரனுக்குத் தன் பாடத்தின் மறுபாதி ஞாபகம் வந்தது. முழிக்கிற பெரிய நார் சீக்கிரமே களைத்துப்போகும். நெடுநேரம் தாக்குப்பிடிப்பது அந்தச் சின்ன நார்தான். ஜிம்மில் அவனே வாரம் தவறாமல் சொல்லிக்கொடுப்பது!

முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

“மாஸ்டர், ஏலாது...” பின்னால் ஒருவன் முனகினான்.

கொம்பு சரிந்தது. அம்மன் விழுந்தால் ஜிம்மை மட்டுமல்ல, ஊரையே காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான்.

“ஏய்ய்ய்!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு குதித்தார் வீரய்யா. கையில் வேப்பிலை. கண்கள் சொருகியிருந்தன.

“ஆத்தா வந்திருக்கேன்டா! எம் பழைய புள்ளைங்கள எவன்டா ஒதுக்குனது? அவனுக தோளுதான் எனக்கு வேணும்! மாத்துங்கடா!”

பெண்கள் குலவையிட்டார்கள். தனபாலன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆத்தாவே கேக்குறா! மாத்துங்கப்பா!”

தையல்காரரும் கிளார்க்கும் மற்றவர்களும் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். அம்மன் தரையைத் தொடாமல் கோயில் சேர்ந்தாள்.

மறுநாள் காலைக்குள் கஜேந்திரனுக்கு மூச்சும் திரும்பியது, முறுக்கும் திரும்பியது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம்.

“விடிய விடியத் தூக்கியிருப்போம்டா! மனுசனுக்குப் பொறாமை. சாமி பேரச் சொல்லிக் கெடுத்துட்டாரு. ரெண்டு வார்த்த கேட்டுட்டு வர்றேன்” என்று ஜிம் பசங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வீரய்யா கடையில் ஒரு பெண், சாமிக்கு வைக்கும் மஞ்சள் தேசிக்காய் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றாள்.

“சாமி, எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?”

“நான் பருப்பு விக்கிறவம்மா. எனக்கு என்ன தெரியும்?”

“ஆத்தா சோதிக்கிறா!” என்று அவள் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கஜேந்திரன் நெருங்கினான்.

“உண்மையச் சொல்லுங்கண்ணே. நேத்து ஒங்க மேல சாமி வந்துச்சா?”

வீரய்யா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இல்ல மாஸ்டர்.”

“அப்ப நடிப்பு! சாமி முன்னாடி நடிக்க வெக்கமா இல்ல?”

“வெக்கமாத்தான் இருந்துச்சு. ராத்திரியே ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். காலையில இருந்து இவங்க வேற குறி கேட்டு வர்றாங்க.” தேசிக்காயை எடுத்து ஓரமாக வைத்தார். “எனக்கு வேற வழி தெரியல மாஸ்டர். ஒங்க முழங்கால் நடுங்குறத ஊர் பாக்குறதுக்குள்ள, எல்லாக் கண்ணையும் எம் பக்கம் திருப்பணும்ல?”