'வித்' வந்தால்தான்

தாய்லாந்தின் உடோன் தானியில் மகள் வீட்டுக்கு வந்த மறுநாளே புன்மி பையையும் புளித்த மீன் ஜாடியையும் கட்டிவிட்டாள்.

"என்னை ஒரு மாசம் சகிச்சுக்குவானாமே உன் வெள்ளைக்காரப் புருசன்! காலையில உன்கிட்ட 'புட் அப்'னு சொன்னதை என் காதால கேட்டேன். நானும் கோயில் வகுப்புல இங்கிலீஷ் படிக்கிறவதான்டி! என்னைச் சகிச்சுக்க இவன் யாரு?"

நித்தாயா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! வெறும் 'புட் அப்'னா வீட்ல தங்க வச்சுக்கறது. பின்னாடி 'வித்' வந்தாதான் சகிச்சுக்கறது. கிரெக் உன்னை ஆசையா தங்கச் சொல்றாரு. அரைகுறையா படிச்சுட்டு அந்த நல்ல மனுசனைத் திட்டாதே!"

புன்மிக்கு வெட்கமாகிவிட்டது. மருமகனுக்குப் பிடிக்குமே என்று ஜாடியைத் திறந்து, பப்பாளிக்காயோடு சேர்த்து உரலில் இடிக்க உட்கார்ந்தாள்.

உள்ளே கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். 'புட் அப்' என்பது காதில் விழ, புன்மி சிரித்துக்கொண்டே இடித்தாள். அடுத்த சொல்லில் அவள் கை நின்றது.

பை மறுபடி வாசலுக்கு வந்தது. கிரெக் பதறி ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்னம்மா கோவம்?" என்றாள் நித்தாயா.

"மாப்பிள்ளை வாயில வராத 'வித்' உன் வாயில வந்துருச்சேடி!"