விதைப்பூண்டு

மெர்வின் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

வழக்கமாக நாயைத் திட்டிக்கொண்டே அடுப்படி வரைக்கும் வந்து டீ கேட்கிற மனிதர். இன்றைக்கு வண்டியிலிருந்து ஒரு வாளியை இறக்கி, அதிலிருந்த ப்ளீச்சிங் தண்ணீரில் பூட்ஸ் கால்களை மாற்றி மாற்றி முக்கி எடுத்தார்.

ஜோஸ்லின் கையிலிருந்த ஆணி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜூன் பிறந்துவிட்டது; இந்தத் தென்கோடித் தீவில் அது குளிர்காலத் தொடக்கம். உறைபனி கனமாக இறங்குவதற்குள் நாற்றுகளுக்கு ஒரு கண்ணாடிக் கொட்டகை போட்டாக வேண்டும் என்று அவளும் புருஷன் ரஸ்ஸும் காலையிலிருந்து பழைய ஜன்னல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களைக் கொடுத்ததே மெர்வின்தான். கோழி கொடுத்ததும் அவர்தான்.

"என்ன மெர்வ், வாசலோட நின்னுட்டீங்க? எங்க வீட்டு டீ அவ்வளவு மோசமா?"

"நான் உள்ள வரக்கூடாதும்மா. நீயும் கிட்ட வராதே."

இரண்டு முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார். உள்ளே வேரோடு பிடுங்கிய ஒரு பூண்டுச் செடி. இலை மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அடியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை. பஞ்சுக்குள் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள்.

வெள்ளை அழுகல்.

சிட்னி வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் தோட்டம் போடுகிறேன் என்று டாஸ்மேனியாவுக்கு வந்தவள்தான் ஜோஸ்லின். இது அவளுக்கு இரண்டாவது குளிர்காலம். அவளுக்கே தெரியும் அது என்னவென்று. பூண்டு போடுகிறவர்கள் அந்தப் பேரைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். மண்ணில் ஒருமுறை விழுந்தால் இருபது வருஷத்துக்குப் போகாது. மருந்தும் கிடையாது.

"எனக்கு எழுபத்தொண்ணு. கணக்கு முடிஞ்சுதுல்ல? இனி நான் பூண்டுக்காரன் இல்ல" என்றார் மெர்வின். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எப்படி மெர்வ்?"

"அந்தச் சாணி லோடுதான். மலிவா கிடைக்குதுன்னு வாங்கினேன் பாரு, கிழவனுக்குப் பேராசை. அதுல உனக்கும் ரெண்டு தள்ளுவண்டி கொண்டுவந்து கொட்டினேனே! உன் மண்ணையும் கெடுத்துட்டேனோன்னு தூக்கமே இல்ல. என்னை மன்னிச்சுக்கோம்மா."

 சொல்லு, இப்பவே சொல்லு என்று ஜோஸ்லினுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. பின்னால் ரஸ்ஸின் சுத்தியல் சத்தம் நின்றுபோனதும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மெர்வின் வண்டிக்குப் போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"இது என் மண்ணைத் தொடவே இல்ல. நீ மார்ச்ல குடுத்த விதைப்பூண்டுல ஒரு கைப்பிடி, அடுப்படி அலமாரியில எடுத்து வச்சிருந்தேன். உங்கம்மா காப்பாத்தி வச்சிருந்த ஜாதி. என்னால அழிஞ்சுதுன்னு இருக்கக்கூடாது. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன், இனிமே விதைக்கு ஜோஸ்கிட்ட போங்கன்னு."

ஜாடியை கேட்டுத் தூணின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

ஜோஸ்லின் ஜாடியைப் பார்த்தாள். எல்லாம் பல் பல்லாக இருந்தன. முழுப் பூண்டு ஒன்றுகூட இல்லை.

எப்படி இருக்கும்? உடைத்துக் கொடுத்தவளே அவள்தானே. அவளுடைய முதல் விளைச்சலை ஈரத்தோடு கட்டித் தொங்கவிட்டு மொத்தத்தையும் பூசணம் பிடிக்க வைத்திருந்தாள். மார்ச் மாதம் ஊர்க் கூடத்தில் விதை மாற்றிக்கொள்ளும் நாள். வருஷம் முழுக்க அளந்துவிட்டு வெறுங்கையோடு எப்படிப் போவது? பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வலைப்பை பூண்டு வாங்கினாள், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. மண்ணோடு நோய் வந்துவிடக் கூடாதென்று அந்தப் பூண்டுக்கு அடி வேரை மொட்டையாக மழித்திருப்பார்கள், இங்கே யார் திருப்பிப் பார்த்தாலும் கடைப் பூண்டென்று தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் உடைத்துப் பழுப்புக் காகிதப் பையில் போட்டாள். அம்மா கொடுத்தது என்று தானாக ஒரு பொய்யும் வந்தது. அம்மாவா? மூன்றாவது மாடி வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூட வைக்காத அம்மா!

மெர்வின் ஒருவர்தான் ஆசைப்பட்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டு போனார். முப்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த தன் பூண்டுக்கு நடுவில், நல்ல பாத்தியில் இடம் கொடுத்து நட்டார்.

சீ! பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது ஜோஸ்லினுக்கு.

மெர்வின் வாளியைத் தூக்கி வண்டியில் வைத்தார். கதவில் கை வைத்துவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் சொல்லப்போவதில்லை.

"மெர்வ், இருங்க. அந்தப் பூண்டு..."

கேட்டைத் திறந்துகொண்டு ஓடி, அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

அவர் வெடுக்கென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தொடாதேம்மா" என்றார். "என் கை சுத்தமில்ல."