நகம் பழகிய கை

"சுண்டு விரல்ல தோல் மேல வழிஞ்சிடுச்சு பாரு. காயறதுக்குள்ள தொடச்சிடு," என்றாள் ராதிகா.

தென்றல் பிரஷ் முனையால் அவசரமாக ஒதுக்கினாள்.

பெங்களூரில் செயற்கை நகம் வைக்கிற வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள் தென்றல். நகத்துக்கு அடியில் காகித அச்சை மாட்டி, லிக்விடில் நனைத்த பிரஷால் அக்ரிலிக் பவுடரைத் தொட்டு, அந்தச் சின்ன உருண்டையை இழுத்து இழுத்து நீள நகமாக வடிக்க வேண்டும். பழகுவதற்கு ஒரு கை வேண்டுமே! மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்த ஓரகத்தி ராதிகாதான் ஞாயிறுதோறும் கை நீட்டினாள்.

"இப்போ நல்லாருக்காக்கா?"

"மோதிர விரல் கோணல். நடுவுல மேடு பத்தல. எங்கனா இடிச்சா ஒடஞ்சிடும்."

"எங்க மிஸ் கூட இவ்ளோ குத்தம் சொல்றதில்ல. உனக்கு இன்னா தெரியும்?"

"பாத்துகினுதானே இருக்கேன்!"

முணுமுணுத்துக்கொண்டே தென்றல் மறுபடி போட்டாள். ஆனால் அடுத்த வகுப்பில் மிஸ் சொன்னதும் அதே மேடு, அதே கோணல்தான். போகப் போக ராதிகா சொன்ன குறைகள் குறைந்தன. ஒருநாள் அவள் பத்து விரலையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். தென்றலுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை.

டெஸ்டுக்கு முந்தைய ஞாயிறு. ராதிகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கைகள் இரண்டும் முந்தானைக்குள் இருந்தன.

"இனிமே என் கைய கேக்காத."

"இன்னாக்கா இது? வர்ற வாரம் டெஸ்டு!"

"வேற யாரையாச்சும் பாத்துக்கோ."

"ஏன்னாவது சொல்லு."

ராதிகா முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். நான் பாஸாகி பெங்களூர்ல வேலைக்குப் போயிடுவேன்னு உனக்குப் பொறாமை. அதான் கடசி நேரத்துல காலை வார்ற!"

ராதிகாவின் முகம் வெளுத்தது. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு வின்னியின் கையை வைத்துக்கொண்டு தென்றல் டெஸ்டில் பாஸானாள். பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு பெரிய பார்லரில் வேலையும் கிடைத்தது. தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த கணவன் வேந்தனும் சரி என்றான். சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ராதிகாவிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ராதிகாவிடமிருந்து போன் வந்தபோதும் எடுக்கவில்லை.

ஒருநாள் பார்லருக்கு வந்த ஒரு பெண் கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, கொப்புளமாக இருந்தது.

"இவங்களுக்குப் போடாத," என்று தடுத்தாள் சீனியர். "அக்ரிலிக் அலர்ஜி. அரைகுறையா பழகறவங்க கிட்ட திரும்பத் திரும்ப கை குடுத்தா இப்பிடித்தான். லிக்விட் தோல்ல பட்டுப் பட்டு வந்துடும். வந்தா அப்புறம் போகாது."

தென்றல் அந்த விரல்களையே பார்த்தாள். முந்தானைக்குள் ஒளிந்த ராதிகாவின் கைகள்! தோல் மேல வழிஞ்சிடுச்சு, தொடச்சிடு என்று வாரா வாரம் சொன்னாளே! நான் வருத்தப்படுவேன் என்றுதானே காரணத்தை மறைத்தாள்? அவளையா பொறாமைக்காரி என்றேன்?

அடுத்த ஞாயிறே ஊருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தாள்.

வீட்டில் ராதிகா தன் வேலைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாலூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். தென்றலைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வா. வேந்தன் வரல?"

தென்றல் அவள் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "என்ன மன்னிச்சிடுக்கா. உன் கைய நானே கெடுத்துட்டேன். எவ்ளோ எரிஞ்சிருக்கும்! அதக்கூட கேக்காம, வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

"என் கைக்கு இன்னா?"

"மறைக்காத. எல்லாம் தெரிஞ்சிகினுதான் வந்திருக்கேன். காட்டு."

ராதிகா குழப்பத்தோடு கைகளை நீட்டினாள். தென்றல் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். தழும்பில்லை, வெடிப்பில்லை. ஒரு குறையும் இல்லாத விரல்கள்.

"அலர்ஜி வரலியா?"

"அப்பிடி எதுவும் இல்லியே."

"அப்போ அன்னிக்கு ஏன்க்கா கைய ஒளிச்ச?"

ராதிகா கைகளை மெல்ல இழுத்துக்கொண்டாள். சீருடைச் சட்டையின் காலரை நீவியபடி, நிமிராமல் பேசினாள்.

"நீ கிளாசுக்குப் போயிருந்தப்ப, உன் நகப் பொட்டிய தொறந்து நானே எனக்குப் போட்டுப் பாத்தேன். கன்னாபின்னான்னு ஒட்டிகிச்சு. எடுக்கவும் தெரியல. நீ பாத்தா சிரிப்பியேன்னு மறச்சிகினேன்."

"கத்துக்க ஆசைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனாக்கா?"

"அந்த ஆசைலதான் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து உக்காந்தேன், தென்றல்," என்றாள் ராதிகா. "நீ என் கைய மட்டும்தான் கேட்ட."