மேசை மணி

தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கப்பலேறும் முன் பங்களாவையே பட்லர் மாசிலாமணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திரத்தைக் கொண்டுவந்த தபால்காரர் எட்டியப்பன் வாசலில் நின்று சிரித்தார்.

"இனிமே நீங்கதான் தொரை, பட்லரய்யா. முன்வாசல் வழியாவே போங்க, யாரு கேக்கப்போறா?"

மாசிலாமணி அவர் தலை மறையும்வரை காத்திருந்து, வழக்கம்போலப் பின்வாசல் வழியாகவே உள்ளே போனார்.

ஒரு வாரம் அடுக்களையிலேயே படுத்தார். எட்டாம் நாள் மதியம், மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. சூப் காய்ச்சி, பீங்கான் தட்டில் ஊற்றி, பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையில் வைத்தார். வெறுங்காலைத் துடைத்துக்கொண்டு துரையின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேசையில் உப்பைக் காணோம். முப்பத்தோரு வருடத்தில் ஒருநாளும் நடக்காத தப்பு அது. கை தானாகவே பித்தளை மணியை எடுத்து ஆட்டியது. யாரும் வரவில்லை. மறுபடி ஆட்டினார். மெய்யாகவே கோபம் தலைக்கேறியது.

"பட்லர்! நீ செவிடா? ஜல்தி வா!"

"இதோ வந்துட்டேன் தொரை!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரே அடுக்களைக்கு ஓடினார். உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தட்டின் அருகில் வைத்தார். பிறகு காலி நாற்காலிக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். சூப்பில் ஏடு படிந்தது. வயிற்றைப் பசி கிள்ளியது. துரை எழுந்த பிறகுதான் அந்த வீட்டில் அவருக்குச் சாப்பாடு.