அண்ணி சொன்ன விதிகள்

"தன்னார்வலர்களுக்காக இருபத்துமூணு பக்கத்துக்கு விதிக் கையேடு எழுதினேன். ஒருத்தர்கூடப் படிக்கல," என்றார் கேப்டன்.

மாதம் ஒரு சனிக்கிழமை, நூலகத்து மாடியில் அவருடைய தன்னார்வலர் குழு கணினிக் கூட்டம் நடத்தும்; தலைவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன். புரோகிராம் எழுதுகிறவர்கள், எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்று நாற்பது பேர் வருவார்கள். போன மாதம் ஒருவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் விடவில்லை. எந்த புரோகிராம் மொழி உசத்தி என்று இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிடப் போனவர் வயர் தடுக்கி விழுந்ததில் புரொஜக்டரும் கூடவே விழுந்தது. மறுநாள் மூன்று தன்னார்வலர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கழன்றுகொண்டார்கள். இன்னொரு தடவை சத்தம் கேட்டால் மாடியை நடன வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாக நூலகர் சொல்லிவிட்டார்.

மிஞ்சியிருந்த ஐந்து பேரில் ஒருத்தியான டிசைனர்தான் தன் அண்ணியை அழைத்து வந்திருந்தாள். "பதினாலு வருஷமா தினமும் முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறாங்க கேப்டன். ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்."

பெரிய கம்பெனி, பெரிய பதவி போலிருக்கிறது என்று நினைத்த கேப்டன், நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார்.

அண்ணி கையேட்டைப் புரட்டினார். "'பங்கேற்பாளர்கள் கண்ணியம் காத்தல் வேண்டும்.' இதைப் படிச்சுட்டு ஒரு தன்னார்வலர் எழுந்து என்ன செய்யணும்?"

கேப்டன் யோசித்தார். "காக்கச் சொல்லணும்."

"சொன்னா காப்பாங்களா?"

"அதான் காக்கலையே."

"அப்ப இதை அடிச்சிடுங்க. கையும் காலும் என்ன செய்யணும்னு எழுதுங்க. மைக்கை விடாத ஆளை என்ன பண்ணீங்க?"

"பிடுங்கினோம்."

"பிடுங்கினா இன்னும் இறுக்கித்தான் பிடிப்பாங்க. எங்ககிட்டயும் அப்படி ஒரு ஆள் இருக்கு. பக்கத்துல போய் வேற ஒண்ணைக் கையில குடுங்க. ஒரு கடிகாரத்தைக் குடுத்து, 'அடுத்தவங்களுக்கு நேரம் பார்த்துச் சொல்றது உங்க பொறுப்பு'ன்னு சொல்லிப் பாருங்க. மைக் தானா கீழ வந்துடும்."

அடேயப்பா என்று முணுமுணுத்தபடி கேப்டன் எழுதிக்கொண்டார்.

"சண்டை போட்டாங்களே, அவங்களை?"

"யார் சொல்றது சரின்னு விளக்கமாச் சொன்னேன்."

"உடனே ரெண்டு பேரும் உங்க மேல பாய்ஞ்சிருப்பாங்களே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். தீர்ப்பே சொல்லாதீங்க. முதல்ல தண்ணி குடுங்க. அப்புறம் ரெண்டு பேரையும் சேர்ந்து ஒரு மேஜையைத் தூக்கச் சொல்லுங்க. சண்டை எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பன்னிரண்டே முக்காலுக்கு."

"சாப்பாடு?"

"ஒன்றரைக்கு."

"அது மொழிச் சண்டை இல்லீங்க. பசி."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்ததைக் கேட்கும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. "புதுசா வர்றவங்க ஒரு தடவையோட நின்னுடறாங்க. எனக்கு அதுதான் பெரிய கவலை."

"வந்ததும் என்ன பண்றீங்க?"

"உங்களுக்கு என்னென்ன தெரியும்னு கேட்டு ஒரு படிவம் குடுக்கறோம். நாலு பக்கம்."

அண்ணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முதல் நாள் வர்றவங்களுக்குப் பயமா இருக்கும். கதவுகிட்டயே நிப்பாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, பாத்ரூம் எங்கேன்னு காட்டுங்க. அது போதும். மூலையில தனியாப் போய் உக்காந்தா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. ஒரு தன்னார்வலர் பக்கத்துல உக்காந்து தன் பாட்டுக்கு ஏதாவது செய்யட்டும். பத்து நிமிஷத்துல அவங்களே எட்டிப் பார்த்து 'இது என்ன'ன்னு கேப்பாங்க. அப்படிக் கேட்டவங்க மறுபடி வருவாங்க. எங்ககிட்ட பாதியில நின்னவங்க இத்தனை வருஷத்துல ரெண்டே பேர். அதுவும் வீடு மாத்திப் போனதால."

இருபத்துமூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. ஐந்து பேரும் நின்ற வாக்கிலேயே படித்து முடித்தார்கள்.

அந்த மாதக் கூட்டத்துச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே சாப்பாடு வந்தது. போன மாதம் மைக்கை விடாதவர் கடிகாரமும் கையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்து, கேப்டனையே இரண்டு நிமிடத்தில் நிறுத்தினார். சத்தமே கேட்கவில்லையே, கூட்டம் நின்றுபோய்விட்டதா என்று பார்க்க மாடியேறி வந்த நூலகர், கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். முதல் தடவையாக வந்து மூலையில் ஒதுங்கியிருந்த ஒரு தையல்காரப் பெண், கிளம்பும்போது கேப்டனிடம் வந்து, "அடுத்த மாசம் எந்தத் தேதி?" என்று கேட்டாள்.

கேப்டன் தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே அண்ணிக்குப் போன் போட்டார்.

"நீங்க நடத்தற விதத்தை நாங்க நேர்ல பார்த்துக் கத்துக்கணும். உங்க இடத்துக்கு ஒரு நாள் வரலாமா?"

"தாராளமா வாங்க. ஒரு மணிக்கு மேல வந்தா நானும் கொஞ்சம் உக்காந்து பேசலாம்."

திங்கட்கிழமை கேப்டன் தேய்த்த சட்டையும் டையுமாகக் கிளம்பினார். பின்னால் ஐந்து தன்னார்வலர்களும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். அனுப்பிய முகவரியில் பக்கவாட்டுக் கதவைத் தட்டியதும், அண்ணியே வந்து திறந்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"மெதுவா வாங்க. இப்பத்தான் எல்லாரையும் தூங்க வெச்சேன்."

கேப்டன் எட்டிப் பார்த்தார். வரிசையாக விரித்த குட்டிப் பாய்களில் முப்பது பேரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்குப் போன வாரம்தான் நாலு வயது முடிந்திருந்தது.