முப்பதாவது கிலோமீட்டர் மேசை

"இந்த வருஷமும் காதுல பாட்டோடதான் ஓடப் போறியா?"

ஒகாபே கேட்டான். கல்லூரி நாளிலிருந்து கூட ஓடுகிறவன். ரியோஹெய் இயர்போனை இன்னும் உள்ளே அழுத்தினான்.

காலை நாலரைக்கு எழுந்திருந்தான். சோறு வடித்து, முதல் கிண்ணத்தை மனைவி சயோகோவின் படத்துக்கு முன்னால் வைத்து, சின்ன மணியைத் தட்டினான். மீதியை இரண்டு உருண்டையாகப் பிடித்துத் தின்றான். பனியனில் எண் அட்டையை நான்கு மூலையிலும் ஊசியால் குத்தினான். இடது முழங்கால் தழும்பில் களிம்பு தடவினான். ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டான். பத்து மாதத்துக்கு முன்னால் வந்த கடிதத்தை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், ஓடுகிறவர்கள் காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டது.

"தடை இல்லையே. வேண்டுகோள்தானே" என்றான் ரியோஹெய்.

"நம்ம ஊர்ல வேண்டுகோள்னா தடையைவிடப் பெருசுடா." ஒகாபே சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "லெட்டர் போட்ட அந்த அம்மா சொல்றதைக் கேக்கத்தானே வந்திருக்க? காதை அடைச்சுக்கிட்டு எப்படிக் கேப்ப?"

கேட்க வேண்டும் என்று பெயர் கொடுத்தவனும் ரியோஹெய்தான். கேட்டுவிடக் கூடாது என்று இயர்போனுக்கு ராத்திரியே சார்ஜ் போட்டவனும் அவன்தான்.

போன வருஷம் இதே மாரத்தான் பாதையில் சயோகோ அவனுக்கு அரையடி பின்னால் ஓடிவந்தாள். பாட்டோடு ஓடினால் கால் தானாகப் போகும் என்பது அவன் கட்சி. பக்கத்தில் ஓடுகிறவளின் மூச்சு கேட்காத ஓட்டம் என்ன ஓட்டம் என்பது அவள் கட்சி. முப்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேசையருகே அவன் திரும்பியபோது அவள் வாய் அசைந்தது. கையையும் நீட்டி ஏதோ சொன்னாள். 'நீ முன்னால போ' என்கிறாள் என்று நினைத்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேகம் பிடித்தான். சற்றுத் தூரத்தில் தடுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்தது. குனிந்து ஷூவை இறுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

எல்லைக்கோட்டைத் தாண்டி, அவளுக்காகத் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம். யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். அவளே சொல்லியிருந்தால்? அதை அவன் டாக்டரிடம் கேட்கவில்லை.

அவள் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த வாரம் அந்தக் கடிதம் வந்தது. அனுப்பியவர் ஹமாதா என்ற அம்மாள்.

'முப்பதாவது கிலோமீட்டர் மேசையில் இருந்தவள் நான். உங்கள் மனைவி உங்களிடம் சொல்லச் சொன்ன ஒன்று என்னிடம் இருக்கிறது. கடிதத்தில் எழுதத்தக்கது அல்ல. என்றாவது நேரில் கண்டால் சொல்லிவிடுகிறேன்.'

எழுதத்தக்கது அல்ல என்று யாராவது எழுதினால், அதற்குள் என்ன மாதிரி விஷயம் இருக்கும் என்று அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். நெஞ்சு வலிக்குது. நில்லுங்க. என்னை விட்டுட்டுப் போகாதீங்க. பத்து மாதமாக ஒவ்வொன்றையும் மனசுக்குள் அவள் குரலிலேயே போட்டுக் கேட்டுவிட்டான்.

ஓட்டம் தொடங்கும் துப்பாக்கி வெடித்தது. ஓடினான்.

என்ன பாட்டு என்று அவனுக்கே தெரியவில்லை. சத்தமாக இருந்தது, போதும். இருபதைத் தாண்டியதும் ஒகாபே பின்தங்கினான். இருபத்தைந்தில், வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஜில்லிட்டன. தலையைக் குனிந்துகொண்டு, சாலையின் மறுஓரமாக, அந்த மேசையை ஒரே மூச்சில் தாண்டிவிட வேண்டும்.

இருபத்தொன்பதைத் தாண்டி வளைந்ததும் தெரிந்தது. மீனவர் சங்கத்துப் பெண்கள் வெள்ளை ஏப்ரனோடு வரிசையாக நின்று உப்பில் ஊறவைத்த புளிப்புப் பழமும் தண்ணீரும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி மட்டும் எதையும் நீட்டவில்லை. அவள் பிடித்திருந்த அட்டையில் தூரிகையால் பெரிதாக எழுதியிருந்தது: 2417.

அவனுடைய எண்.

பாட்டின் சத்தத்தை முழுக்க ஏற்றினான். மறுஓரத்துக்கு ஒதுங்கினான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். கூப்பிடவில்லை. அட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, இடுப்பு வளையக் குனிந்தாள்.

நிமிரவே இல்லை.

கடந்து நாலடி போய்விட்டான். ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை. தன் தாய் வயதுள்ள ஒருத்தி தலை தாழ்த்தி நிற்கும்போது காதை அடைத்துக்கொண்டு ஓட யாரும் அவனை வளர்க்கவில்லை. திரும்பி வந்தான். கழற்றும்போது ஒரு இயர்போன் சாலையில் விழுந்து உருண்டது. இன்னொன்றைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"சொல்லுங்க" என்றான்.

ஹமாதா அம்மாள் நிமிர்ந்தாள். நேரத்தைக் கெடுத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு கடிதத்துக்காக இன்னொரு மன்னிப்பு.

"துக்க வீட்டுக்கு எழுதற அளவுக்கு அதுல ஒண்ணுமே இல்லைங்க. ரொம்பச் சின்ன விஷயம். ஆனா ஒருத்தர் சொல்லச் சொன்னதைச் சொல்லாம வெச்சிருந்தா எனக்குத் தூக்கம் வரல. அன்னைக்கு நானும் கத்தினேன், உங்களுக்குக் கேக்கல."

"அவளுக்கு... வலி இருந்துச்சா?"

"வலியா? பழத்தை வாயில போட்டுக்கிட்டுச் சிரிச்சாங்க. நீங்க கட்டைவிரலைக் காட்டினதைப் பார்த்துத்தான் அப்படிச் சிரிப்பு. ஓடிக்கிட்டே திரும்பி எங்கிட்ட சொன்னாங்க: 'எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டுல ஒண்ணும் கேக்காது, நீங்களாவது சத்தமாச் சொல்லுங்க. இடது ஷூ லேஸ் அவுந்து கிடக்கு, விழுந்துடப் போறாரு.'"