முன்னிருக்கை

முன்னிருக்கையில் ஆள் இல்லாவிட்டால் துடுப்புப் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், சொன்னபடி திரும்பாது. அதனால் சாரணர் முகாமை நடத்தும் சார் ஒரு கூடாரப் பையில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நேற்று மாலை ஜெரினை ஆறு கொண்டுபோய்விட்டது. தேடி ஓய்ந்துவிட்டார்கள். அந்தக் காட்டுக்குள் போனும் எடுக்காது, பாதையும் இல்லை. ஆற்றோடு போனால்தான் யாரிடமாவது சொல்ல முடியும்.

“எவ்வளவு கனம்டா இருப்பான்?” என்று சார் கேட்டார்.

கோகுலன் ஜெரினோடு ஒரே படகில், பின்னிருக்கையில் வந்தவன். அடிபட்டவரைத் தோளில் தூக்கும் பயிற்சியில் எப்போதும் ஜெரினைத்தான் தூக்குவான். பையை அதேபோல் தோளில் போட்டு நின்று பார்த்தான்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க சார்.”

சார் போட்டார். மறுபடி தூக்கினான்.

“இவ்ளோதான் இருப்பான்.”

பையை முன்னிருக்கையில் நிமிர்த்தி, சரியாதபடி கட்டினார்கள். ஜெரின் குளிக்க இறங்கும்போது கழற்றிப் போட்ட ஆரஞ்சு மிதவைச் சட்டை கரையில் கிடந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோகுலன் பைக்கு மாட்டிவிட்டான்.

வழியில் பாறை வந்தபோது பழக்கத்தில் முன்னிருக்கையைப் பார்த்து, “எடது பக்கம் போடுடா” என்றான்.

முகாம் முடிகிற படித்துறையில் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் நின்றிருந்தார்கள். ஜெரினின் அம்மா வெயிலுக்குக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையையே உயர்த்தி ஆட்டினாள்.

கோகுலன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். படகு நேராக அவளிடமே போய்க்கொண்டிருந்தது.